காற்றிறங்கிய டயரில் பதினைந்து பவுண்டு

ஓய்வூதியக் காகிதம் ஒன்றில் கையெழுத்துப் போடுவதற்காகப் போன மாதம் கள்ளக்குறிச்சி பணிமனைக்குப் போயிருந்தேன். டயர் பிரிவில், தியாகதுருகம் தடத்தில் ஓடும் பேருந்து ஒன்று முன்சக்கரம் தரையோடு படுத்த நிலையில் நின்றது. காற்று எவ்வளவு இருக்கிறது என்று மேற்பார்வையாளர் எட்டத்திலிருந்தே கேட்டார். சக்கரத்தருகே குந்தியிருந்த தொழிலாளி நிமிராமல், "பதினஞ்சுங்க" என்றார். மேற்பார்வையாளரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பேர் என்னோடு தேநீர்க் கடை வரை வந்தார்கள். இருவரும் பகுதிநேரப் பட்டயப் படிப்பில் சேர்ந்து, முதலாண்டு இயற்பியல் தாளில் தோற்றவர்கள். காற்றே இல்லாத டயரைப் பதினைந்து என்று சொல்லும் வழக்கம் வேறெந்தப் பணிமனையிலும் இல்லையே, இங்கே மட்டும் ஏன் என்று கேட்டார்கள். அதைச் சொன்னால் உங்கள் தாளிலும் தேறிவிடுவீர்கள் என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நம் பணிமனைக் கிளை இதழில் எழுதுகிறேன், படித்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதற்காகத்தான் பழைய நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரிஷிவந்தியத்தை ஒட்டிய சிற்றூர், ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக். ஓராண்டு தொழில் பழகுநர். பிறகு இந்தப் பணிமனையின் பம்ப் பிரிவு. டீசல் பம்பைச் சோதனை மேசையில் பூட்டி ஓடவிட்டால், வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்கள் எல்லாவற்றிலும் டீசல் ஒரே மட்டத்துக்கு விழ வேண்டும். ஒன்றில் ஒரு மயிரிழை குறைந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வேலைக்கேற்ற ஆள் நான், எனக்கேற்ற வேலை அது.

நாற்பதை நெருங்கும்போது நாங்கள் மூன்று பேர் மாலை நேரப் பட்டயப் படிப்பில் சேர்ந்தோம். நான், மின்பிரிவிலிருந்த பாஷா, டயர் பிரிவிலிருந்த சடையன். பகல் வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போவோம். தாள்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பதால் மொழித் தொல்லை இல்லை. நான் இயற்பியலை முதல் முறையிலேயே தேறினேன். பாஷா இரண்டாம் முறை தேறினார். நாலு ஆண்டுப் படிப்பும் முடிந்தபோது சடையனுக்கு மற்ற எல்லாத் தாளும் கைக்கு வந்துவிட்டன, இயற்பியல் மட்டும் வரவில்லை. அந்த ஒன்று இல்லாமல் பட்டயம் கிடையாது. பாடத்திட்டம் மாறப்போவதால் பழைய தாளை எழுத இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என்று அறிவித்தும் விட்டார்கள்.

அவருக்கு அந்தப் பட்டயம் மதிப்புக்காக மட்டும் வேண்டியிருக்கவில்லை. பேருந்துச் சக்கரத்தை நாளெல்லாம் கழற்றிப் புரட்டி மாட்டுகிறவர்களின் இடுப்பு என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சடையனைக் கனமான எதையும் தூக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பட்டயம் இருந்தால் மேற்பார்வைப் பணிக்குப் போகலாம். இல்லையென்றால் டயரைத் தூக்க வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

சடையனுக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து இன்னும் மேலே. மனப்பாடத்தில் எங்கள் மூவரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாயுக்களைப் பற்றிய பாயில் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் கணக்கில் ஒரு மதிப்பெண்கூட வராது. ஏன் வரவில்லை என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவர் கணக்குப் போடுவதை நாங்கள் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பதுதான் காரணம்.

அதைப் பார்த்தவர் அப்போது புதிதாக மாற்றலாகி வந்திருந்த உதவிப் பொறியாளர் தேன்மொழி. எங்களைவிடப் பத்து வயதாவது இளையவர். பணிமனையே அவரை மேடம் என்றுதான் அழைத்தது. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எந்தப் புகார் வந்தாலும் மேசையில் உட்கார்ந்து கேட்க மாட்டார், எழுந்து வண்டியிடம் போவார். அங்கே அவருக்கென்று ஒரே ஒரு கேள்வி இருந்தது: "எங்கேயிருந்து அளந்தீங்க?"

ஒரு முறை ஓர் ஓட்டுநர் இன்ஜின் ஆயில் குறைகிறது என்று தினமும் எழுதிக் கொடுத்தார். நாங்களும் ஊற்றிக்கொண்டே இருந்தோம். மேடம் அளவுகோலை உருவிப் பார்க்கவேயில்லை. வண்டி நின்ற தரையைக் குனிந்து பார்த்தார். அது சரிவு. அந்த வண்டியைத் தினமும் அதே சரிவில் நிறுத்தித்தான் ஆயில் பார்த்திருக்கிறார்கள். சமதளத்துக்குத் தள்ளச் சொன்னார். அளவு கோட்டுக்கு மேலே நின்றது. யாரையும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்தச் சரிவில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போடப்பட்டிருந்தது. அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு.

சடையன் தேர்வு விடுப்பு கேட்டு நாலாவது முறையாக விண்ணப்பம் கொடுத்தபோது, எந்தத் தாள் என்று மேடம் விசாரித்திருக்கிறார். அன்று காலை முறை முடிந்ததும் டயர் பிரிவுக்கு வந்தார். என்னையும் பாஷாவையும் இருக்கச் சொன்னார். டயரில் அடையாளம் போடும் சாக்கட்டியைச் சடையனிடம் கொடுத்து, சிமென்ட் தரையிலேயே ஒரு கணக்கைப் போடச் சொன்னார்: டயரில் நூறு பவுண்டு காற்று, வெப்பம் இருபத்தேழு டிகிரி. ஓடி வந்தபின் ஐம்பத்தேழு டிகிரி. இப்போது காற்றழுத்தம் என்ன?

வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தே ஏறும் என்ற விதியைச் சடையன் பிழையில்லாமல் எழுதினார். நூறை ஐம்பத்தேழால் பெருக்கி இருபத்தேழால் வகுத்தார். இருநூற்றுப் பதினொன்று வந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் மொத்தத்தையும் அழித்துவிட்டு, 110 என்று மட்டும் எழுதினார்.

"ஏன் அழிச்சீங்க?" என்று மேடம் கேட்டார்.

"இருநூத்திப் பதினொண்ணுன்னா டயரு வெடிச்சிப்பூடும் மேடம். ஓடி வந்த வண்டிய தெனம் புடிச்சிப் பாக்கறேன். பத்து, பன்னெண்டு பவுண்டுதான் ஜாஸ்தி காட்டும்."

"பரீட்சையிலயும் இப்படித்தான் அழிப்பீங்களா?"

"அடிச்சிடுவேங்க. தப்புன்னு தெரிஞ்சிக்கினே எப்படிங்க வுட்டு வர்றது?"

பாஷா தலையில் கை வைத்துக்கொண்டார். "அட பாவி. எல்லாரும் வெடை தெரியாம ஃபெயிலாவான். நீ வெடை தெரிஞ்சி ஃபெயிலாயிக்கினு கீறியேபா."

உண்மை அதுதான். மூன்று தேர்விலும் சடையன் கணக்குகளைப் போட்டிருக்கிறார். வந்த விடை கைக்குப் பொய்யென்று தெரிந்ததும் வழி முழுவதையும் அடித்துவிட்டுக் கை சொன்ன எண்ணை எழுதியிருக்கிறார். வழி இல்லாத விடைக்கு மதிப்பெண் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. அவர்களுக்கு இருநூற்றுப் பதினொன்று என்பது வெறும் எண். சடையனுக்கு அது முகத்தருகே வெடிக்கிற டயர்.

மேடம் சிரிக்கவில்லை. கிழிந்த டியூபிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் துண்டை வெட்டி எடுத்தார். இனிமேல் எந்தக் கணக்கானாலும் முதலில் கை என்ன சொல்கிறதோ அதை ஓரத்தில் எழுத வேண்டும். அதன் பெயர் கை விடை. அதன்மேல் ரப்பரை வைத்து மூடிவிட வேண்டும். பிறகு புத்தக வழியில் கணக்கைப் போட வேண்டும். முடிந்ததும் ரப்பரை எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த கணக்கு. ஒத்துப்போகாவிட்டால் எதையும் அழிக்கக் கூடாது. எந்த அளவை எங்கேயிருந்து அளந்தோம் என்று கணக்கின் மேல்வரிகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வழக்கமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அனுபவத்தை மறந்துவிட்டு எழுது என்பார்கள். இவர் அதை மூடி வை என்றார், தூக்கி எறியச் சொல்லவில்லை. நான் பிற்பாடு மேற்பார்வைக்கு வந்தபோது எல்லா வேலைக்கும் இதே முறையைத்தான் வைத்துக்கொண்டேன்.

வெப்பக் கணக்கில் எங்கே தவறு என்பது அன்றே விளங்கிவிட்டது. தண்ணீர் உறைகிற இடத்துக்கு நாம் பூஜ்யம் என்று பெயர் வைத்திருக்கிறோம், அது வெப்பத்தின் அடித்தளம் இல்லை என்றார் மேடம். சடையன் உடனே ஒப்புக்கொண்டார். பேருந்து நிலையத்து ஐஸ்கிரீம் கடைப் பெட்டியில் மைனஸ் போட்டு எண் எரிவதைப் பார்த்திருக்கிறாராம். பூஜ்யத்துக்குக் கீழேயும் குளிர் இருக்கிறதென்றால் பூஜ்யம் அடி இல்லைதானே. உண்மையான அடி அதற்கும் இருநூற்று எழுபத்து மூன்று டிகிரி கீழே. அங்கிருந்து எண்ணினால் இருபத்தேழு முந்நூறு ஆகிறது, ஐம்பத்தேழு முந்நூற்று முப்பது ஆகிறது. மறுபடி போட்டார். நூற்றுப்பத்து வந்தது. ரப்பரை எடுத்தார். நூற்றுப்பத்து.

நாலு ஆண்டுகளாக அவரை ஏமாற்றிவந்த புத்தகம் முதல் முறையாக அவர் கைக்குச் சாட்சி சொன்னது. சடையன் தரையிலிருந்த எண்களைச் சுற்றி வந்து நாலு பக்கமும் நின்று பார்த்தார்.

அங்கேயே முடிந்திருந்தால் இது எழுத வேண்டிய கதையே இல்லை. மேடம் அடுத்ததைச் சொன்னார். காற்றழுத்தத்துக்கும், டயரில் வைத்து அளக்கும் கேஜின் பூஜ்யம் அடித்தளம் இல்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றே பதினைந்து பவுண்டு அழுத்திக்கொண்டிருக்கிறது. கேஜ் அதற்கு மேலே உள்ளதை மட்டும்தான் காட்டும். ஆகவே கணக்கில் பதினைந்தைக் கூட்டிப் போட்டு, கடைசியில் கழிக்க வேண்டும்.

சடையன் ஏற்கவில்லை. வாழ்நாளெல்லாம் காற்றோடு வேலை செய்தவர் அவர். "கேஜ்ல மைனஸே இல்லியே மேடம். காத்து எறங்கின டயருல பதினஞ்சு பவுண்டு கீதுன்னா, அது ஏன் படுத்துக்கினு கெடக்குது? கூட்டாமலே நூத்திப் பத்து வந்துச்சே, வெடை சரியாத்தானே கீது?"

இது வீம்பு இல்லை, நியாயமான கேள்வி. நூறு பவுண்டு உள்ள டயரில் பதினைந்தைக் கூட்டிக் கழித்தாலும் விடை ஒன்றரை பவுண்டுதான் மாறும். பெரிய அழுத்தத்தில் இந்தப் பிழை ஒளிந்துகொள்கிறது, சின்ன அழுத்தம் வந்தால் கவிழ்த்துவிடும் என்று மேடம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். சடையன் சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் போட்ட கணக்குகளில் பதினைந்தைக் கூட்டவேயில்லை. நம்பாத எண்ணை அவர் கை எழுதாது. சின்ன அழுத்தம் வந்த மூன்று கணக்கு தவறிப்போனதும் சாக்கட்டியை வைத்துவிட்டு, இது தனக்குச் சரிப்படாது என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டார். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் பேருந்து வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். சடையன் வீட்டு வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. தேர்வைப் பற்றி நான் பேச்செடுப்பதற்கு முன்னால் அவர் மனைவி பொன்னி எடுத்துவிட்டார்.

"நீங்களே சொல்லுங்கண்ணா. கணக்குப் போடறது கஷ்டமா, டயரு தூக்கறது கஷ்டமா? குனிஞ்சா நிமுர மாட்டேங்கறாரு. பதினஞ்சு கூட்டுன்னா கூட்டிட்டுப் போறது, இன்னா கொறஞ்சிடும்?"

"பொய்யி எழுதச் சொல்றியா?" என்றார் சடையன்.

"டயருக்கு ஒண்ணும் தெரியாது, எழுது."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சடையனுக்கும் வந்தது, ஆனால் இடுப்பு விடவில்லை. திங்கள்கிழமை வேலைக்காவது வரச் சொல்லிக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வெள்ளிமலையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி இருவரும் குடித்து முடித்தோம். சடையன் காலி பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகிப் பைக்குள் போட்டார். டீசலோ ஆயிலோ ஊற்றி வைக்க உதவும் என்று பாட்டில்களைச் சேர்த்து வைப்பது பணிமனைக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். மூடி இல்லாத பாட்டில் எங்களுக்கு உதவாது, அதனால் மூடியைத் திருகிவிடுவோம்.

மலையிறங்கி முடிக்கும் இடத்தில் பைக்குள் டக்கென்று ஒரு சத்தம். சடையன் பாட்டிலை எடுத்தார். அது ஒரு பக்கம் உள்வாங்கி நசுங்கியிருந்தது. நான் பையின் மேல் சாய்ந்துவிட்டேன் என்று நினைத்து என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கமே உட்காரவில்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியை மெல்லத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. பாட்டில் பழைய வடிவத்துக்கு வந்து நின்றது.

காற்று வெளியேறும் சத்தத்துக்கும் உள்ளே போகும் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் டயர் பிரிவுக்காரர் காதுக்குத் தப்பாது. கச்சிராயபாளையம் வந்து சேரும் வரை அவர் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தார். பிறகு என் தொடையில் தட்டி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"சம்பந்தம். மேல மூடுறப்ப பாட்டில் காலி. கேஜ் வெச்சா பூஜ்யம்தான் காட்டியிருக்கும். இங்கயும் வெளியில பூஜ்யம். பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல இத யாரு நசுக்கினது?"

"நீயே சொல்லு."

"மேல காத்து கம்மி, கீழ காத்து ஜாஸ்தி. ரெண்டுத்தயும் கேஜு பூஜ்யம்னுதான் சொல்லுது." பாட்டிலைப் பைக்குள் போட்டார். "பொய்யி சொன்னது கேஜு. பொன்னி இல்ல."

மறுநாளிலிருந்து மலைத் தடத்து ஓட்டுநர்களிடம் சடையன் ஒரு வேலை ஒப்படைத்தார். ஒவ்வொரு நடையிலும் உச்சியில் ஒரு காலி பாட்டிலை மூடிக் கொண்டுவர வேண்டும். ஒரு வாரத்தில் டயர் பிரிவுச் சுவரோரம் நசுங்கிய பாட்டில்கள் வரிசையாக நின்றன. பணிமனைக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "இன்னாபா, மலைக் காத்த டப்பால அடைச்சி வியாபாரமா? நமக்கு ஒரு ஏஜென்சி குடு" என்று பாஷா தினமும் ஒரு விலை கேட்டார். சடையன் எல்லாருக்கும் ஒரு மூடியைத் திறந்து அந்த உஸ் சத்தத்தைக் கேட்கவைத்தார்.

மேடமும் வந்தார். பாட்டில்களை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். நான்தான் சொன்னேனே என்ற சாயலே முகத்தில் இல்லை. கேஜை எடுத்துச் சடையன் கையில் கொடுத்தார்.

"இதுல பூஜ்யம்னு போட்டிருக்கே. எங்கேயிருந்து அளந்தீங்க?"

"இங்க கீற காத்துல இருந்துங்க."

"கணக்குக்கு எங்கேயிருந்து அளக்கணும்?"

"காத்தே இல்லாத எடத்துல இருந்துங்க மேடம்."

மேடம் தலையசைத்துவிட்டு, சாக்கட்டியை நீட்டினார். அதற்குப் பிறகு மீதமிருந்த இரண்டு வாரமும் டயர் பிரிவுத் தரை எண்களால் நிரம்பியது. தரை பெருக்குபவர் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்கு முன் எங்களிடம் அனுமதி கேட்பார். ரப்பர் துண்டு ஓரம் பிய்ந்து, மேடம் புதிதாக ஒன்று வெட்டிக் கொடுத்தார்.

தேர்வு நாளில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். மூன்று மணி நேரமும் பள்ளி வாசலில் புளியமரத்தடியில் நின்றேன். சடையன் வெளியே வந்ததும் வினாத்தாளை என்னிடம் நீட்டினார். வாயுக் கணக்கு ஒன்றைக் கேட்டிருந்தார்கள். ஒரு கொள்கலனின் அழுத்தமானி இரண்டு வளிமண்டலம் காட்டுகிறது. வெப்பம் மாறாமல் பருமன் பாதியானால் அழுத்தமானி எவ்வளவு காட்டும்? மேடம் சொன்ன அதே சின்ன அழுத்தம். கேஜை நம்பினால் நாலு.

"இன்னா எழுதின?"

"கை நாலுன்னுச்சி. கடைசிப் பக்கத்து ஓரத்துல எழுதி, அழிக்கிற ரப்பர அதுமேல வெச்சி மூடிட்டேன். கணக்கு போட்டா அஞ்சு வந்துச்சி. தொறந்து பாத்தேன். ஒத்துவரல."

"அடிச்சிட்டியா?"

"மேல போய்ப் பாத்தேன். ரெண்டோட ஒண்ண கூட்டி மூணு. பாதியாவுனா ஆறு. ஒண்ணு கழிச்சா அஞ்சு. எல்லாம் சரியாத்தான் அளந்திருந்தேன்." சடையன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அதான், இந்த வாட்டி கைய அடிச்சிட்டேன்."

முடிவு வந்த அன்று மலைத் தடத்துப் பேருந்து ஒன்று பணிமனைக்குள் ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்து நின்றது. பாஷா தன் கைபேசியில் சடையனின் பதிவெண்ணை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சுற்றி நின்றோம். மேடம் தன் அறை வாசலில் நின்றார், கிட்டே வரவில்லை. சடையன் எங்கள் பக்கமே திரும்பாமல் வண்டியின் படுத்த சக்கரத்தருகே குந்தி, டயரின் வால்வில் கேஜை வைத்துக்கொண்டிருந்தார்.

"பாஸு" என்றார் பாஷா. பிறகு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை சொன்னார். "அறுவத்தெட்டு. என்னவிட ஜாஸ்தி வாங்கி கீறான் மலைக்காரன்."

யாரோ தகரத்தைத் தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். வாயிலருகே நின்றிருந்த மேற்பார்வையாளருக்கு எதுவும் தெரியாது. வேலை நடக்கவில்லை என்ற எரிச்சலில், அந்தச் சக்கரத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அங்கிருந்தே கத்தினார்.

சடையன் கேஜைப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. சுவரைப் பிடிக்காமல், இடுப்பில் கை வைக்காமல் எழுந்து நின்று, பணிமனை முழுவதும் கேட்கும்படிச் சொன்னார்.

"பதினஞ்சு பவுண்டுங்க."